ஈறை வெட்டி எலும்பைச் சீவி அப்புறம் கேப்: அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு இது வேண்டுமா?

நெல்லைத்தம்பி | வெள்ளி இரவு

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. கீழ்த்தாடை வலது பக்கம், அரைக்கிற முதல் பெரிய பல். சீட்டில் 46 என்று எழுதியிருக்கிறார்கள். ரூட் கெனால் ஏற்கெனவே முடிந்த பல். மேலே சிமெண்ட் அடைத்து, கேப் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பியிருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்தைக் கடித்தபோது நாக்குப் பக்கச் சுவர் அப்படியே உடைந்து வந்துவிட்டது. நரம்பு எடுத்த பல் என்பதால் வலி இல்லை. உடைந்த விளிம்பு ஈறுக்குள் போய்விட்டது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியவில்லை.

பக்கத்து கிளினிக்கில், "கிரவுன் லெங்தனிங் பண்ணணும், சனிக்கிழமை பெரியோ டாக்டர், அதாவது ஈறு நிபுணர், வருவார், அவர் ஈறைத் திறந்து கொஞ்சம் எலும்பையும் எடுப்பார், அப்புறம்தான் கேப்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "அதெல்லாம் வேஸ்ட், பிடுங்கிட்டு இம்ப்ளாண்ட் வைங்க" என்றார்கள் (எலும்பில் பதிக்கிற செயற்கை வேராம்). அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், ரத்தம் கட்டாமல் இருக்க எக்கோஸ்பிரின் 75.

"எலும்பை எடுப்பார்" என்று கேட்டதிலிருந்து அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | வெள்ளி இரவு

தம்பி, முதலில் ரூட் கெனாலுக்குக் காசு, அப்புறம் ஈறு வெட்டக் காசு, அப்புறம் கேப்புக்குக் காசு. ஒரே பல்லுக்கு மூன்று பில். எங்கள் தாத்தா எல்லாம் பல் ஆடினால் நூல் கட்டி இழுத்துப் போட்டார், 90 வயது வரை இருந்தார். பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

பல்லாவரம்பாபு | வெள்ளி இரவு

கேள்விக்குறி அண்ணே, தாத்தா 90 வயதில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா? 😀

நெல்லைத்தம்பி, எனக்கு மேல் இடது கடைவாயில் செய்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

மரத்துப்போகிற ஊசிதான். மயக்க மருந்து கிடையாது, முழிப்போடு சாய்ந்து படுத்திருப்போம். ஊசி போட்ட பிறகு மெல்லிய கம்பி மாதிரி ஒன்றை ஈறுக்குள் அழுத்தி, "மூணு, ரெண்டு, மூணு" என்று டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா ஒருத்தர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஈறில் கீறல். வலி துளிகூட இல்லை, இழுக்கிற உணர்வு மட்டும். கொஞ்ச நேரம் கழித்து டிரில் சத்தம். பயப்பட வேண்டியது அந்தச் சத்தத்துக்குத்தான். எலும்பில் ஓடும்போது தலைக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், இந்தப் பக்கம் குழாய் வைத்து உறிஞ்சுவார்கள். டிரில் ஓடியது சில நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க ஏதோ கையாயுதத்தால் சுரண்டியதும் தையல் போட்டதும். உட்கார்ந்து எழுந்தது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்கும்.

கடைசியில் ரோஸ் கலரில் ஒரு பசையைத் தையல் மேலே அப்பி விட்டார்கள். வாய்க்குள் சூயிங்கம் ஒட்டின மாதிரி இருந்தது. அது கட்டுப் போடுவதற்குப் பதிலாம்.

இரண்டாவது மூன்றாவது நாள் கன்னம் கொஞ்சம் வீங்கியது. எனக்கு ரூட் கெனால் செய்வதற்கு முந்தின ராத்திரி வந்த வலியில் கால்வாசிகூட இது இல்லை.

ஈறுவைத்தியர் | சனி காலை

நான் பெரியோ படித்தவள், தினமும் கையால் செய்கிற வேலை இது. நேரில் பார்க்காமல் உங்கள் அம்மாவின் பல்லுக்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து முடிவெடுப்போம் என்பதைச் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரவுன் லெங்தனிங் என்று பேரைக் கேட்டால் பல்லை நீளமாக்குவது போல இருக்கும். பல் அப்படியேதான் இருக்கும், அதைச் சுற்றியிருக்கிற எலும்பையும் ஈறையும் கீழே இறக்குகிறோம். ஏன் எலும்பு வரை போகவேண்டும்? எலும்பின் விளிம்புக்கு மேலே ஏறக்குறைய 2 மி.மீ. உயரத்துக்கு ஈறு பல்லோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. 1961-ல் கார்கியுலோவும் உடனிருந்தவர்களும் இறந்தவர்களின் தாடைகளில் அளந்து வெளியிட்ட சராசரி 2.04 மி.மீ. ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் இது மாறும். ஆனால் அந்த ஒட்டும் இடத்தை உடம்பு விட்டுக்கொடுக்காது. கேப்பின் விளிம்பை அதற்குள் நுழைத்தால் ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வந்து, மாதக்கணக்கில் புண்ணாகவே இருக்கும். கடைசியில் எலும்பு தானே கரைந்து இடம் விடும். அதுவும் ஒழுங்காகக் கரையாது, பள்ளம் பள்ளமாகக் கரையும். நாங்கள் முன்கூட்டியே நேராகச் செதுக்கி அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

ஆக, கேப் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவில் 3 மி.மீ. வேண்டும். அதோடு கேப்புக்கு உள்ளே பிடிமானமாக நல்ல பல் சுவர் சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மி.மீ. நிற்க வேண்டும். அது இல்லாமல் சிமெண்ட்டின் மேல் மட்டும் கேப் உட்கார்ந்தால் ஒருநாள் போஸ்ட்டோடு (வேருக்குள் நிறுத்துகிற சின்னக் கம்பி) கழன்று வரும், இல்லையென்றால் வேரைப் பிளக்கும். இரண்டையும் கூட்டினால், எலும்புக்கு மேலே 4.5 முதல் 5 மி.மீ. கெட்டியான பல் வேண்டும்.

அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை மி.மீ. எலும்பு எடுப்பீர்கள்? எடுத்த பிறகு வேர் பிரிகிற இடத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். இரண்டும் பிரிகிற கவட்டை சிலருக்கு எலும்பு விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கும். அங்கே தாராளமாக எலும்பை எடுத்தால் கவட்டை திறந்துகொள்ளும். அதற்குள் எந்த பிரஷ்ஷும் போகாது. கேப் விளிம்பிலிருந்து கவட்டைக்கு 4 மி.மீ. இல்லையென்றால் நான் கத்தியை எடுக்க யோசிப்பேன். நிறையப் பேர் பல்லை இழப்பது இந்த இடத்தில்தான். வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு, சில வருடத்தில் கவட்டைச் சீழோடு வருவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு உடைந்தது நாக்குப் பக்கம். சின்ன எக்ஸ்ரேயில் நாக்குப் பக்கமும் கன்னப் பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துதான் தெரியும். அதனால் "எக்ஸ்ரே பார்த்தாச்சு" என்று யாராவது சொன்னால் போதாது. மரத்துப்போக வைத்து, அளவுக்கம்பியை எலும்பு தட்டும்வரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாபு சொன்னாரே "மூணு, ரெண்டு, மூணு" என்று, அந்த அளவுதான்.

மாத்திரைகள் பற்றி. எக்கோஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. 75 மி.கி. ஒன்று மட்டும் என்றால் பொதுவாக நிறுத்தாமலே செய்துவிடுவோம், ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்போம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி, அந்த எச்பிஏ1சி ரிப்போர்ட் கொண்டு போங்கள். 8-ஐத் தாண்டியிருந்தால் நான் தள்ளிப்போடுவேன், இது அவசர ஆபரேஷன் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி, வாரம் ஒரு மாத்திரை என்று ஏதாவது எடுத்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கும்.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அம்மாவுக்கு ஈறு மேலே ஏறி விளிம்பை மூடியிருப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | சனி காலை

டாக்டரம்மா சொன்னது புரிந்தது. ஆனால் ஈறுதானே மூடியிருக்கிறது, அதை மட்டும் லேசரில் சுட்டு எடுத்தால் முடிந்தது. தையல் வேண்டாம், எலும்பு வேண்டாம். எங்கள் ஏரியாவில் போர்டே வைத்திருக்கிறார்கள்.

வாணி_கோவை | சனி மதியம்

அந்தப் போர்டைப் பார்த்துப் போனவள் நான். கேளுங்க.

எனக்குச் சிரித்தால் ஈறு நிறையத் தெரியும், பல் குட்டி குட்டியா இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி சரிசெய்யலாம்னு ஒரு இடத்தில் லேசர் பண்ணிக்கிட்டேன். ரத்தம் இல்லை, தையல் இல்லை, சாயங்காலமே ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ரிசப்ஷன் போட்டோ வர்றதுக்குள்ள ஈறு பழைய இடத்துக்கே இறங்கி வந்திருச்சு.

அப்புறம் போன டாக்டர்தான் சொன்னார், எனக்கு எலும்பே பல் எனாமல் முடியிற இடம் வரைக்கும் இருக்குன்னு. ஈறை மட்டும் எத்தனை தடவை வெட்டினாலும் எலும்பிலிருந்து தனக்கு வேண்டிய உயரத்துக்கு அது திரும்ப வளருமாம். இரண்டாவது தடவை மாடல் எடுத்து, பல் எவ்வளவு நீளம் வேணும்னு மெழுகில் செஞ்சு காட்டி, அதை வச்சு ஒரு பிளாஸ்டிக் அச்சு பண்ணி, அந்த அச்சை வாயில் மாட்டி அளவு பார்த்துத்தான் ஈறையும் எலும்பையும் எடுத்தாங்க. மேல் முன்பல் ஆறு. உதடு வீங்கி ஒரு வாரம் மாஸ்க்கோட திரிஞ்சேன்.

யாரும் முன்னாடி சொல்லாத விஷயம் ஒண்ணு: முதல் சில வாரம் பல் இடுக்கில் காத்துப் போச்சு. "சசி"ன்னு என் தங்கச்சியைக் கூப்பிட்டா விசில் வரும். அப்புறம் ஈறு நிரம்பிச் சரியாயிடுச்சு. பனிக்கூழ் பக்கம் மட்டும் ரொம்ப நாள் போக முடியல, அவ்வளவு கூச்சம்.

ஈறுவைத்தியர் | சனி மதியம்

வாணி சொன்னது பாடப் புத்தகத்தில் போடவேண்டிய கேஸ். லேசர் மேல் எனக்குக் கோபம் இல்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது. எலும்பு போதுமான ஆழத்தில் இருந்து, வெட்டிய பிறகும் கெட்டி ஈறு 2, 3 மி.மீ. மிஞ்சும் என்றால் லேசரே போதும். அம்லோடிபினால் மட்டும் தடித்த ஈறுக்கும் அது நல்ல வழி. எலும்பு எங்கே இருக்கிறது என்று அளக்காமலே லேசரைக் கையில் எடுத்தால்தான் வாணிக்கு நடந்தது நடக்கும்.

யாழ்_சுதா | சனி இரவு

நான் ரொறொன்ரோவில இருக்கிறன். எனக்கு மேல் முன்பல்லு, நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு, சைக்கிளால விழுந்து முரசு (ஈறு) மட்டத்தில உடைஞ்சது. இந்த ஆபரேசனைப் பற்றித்தான் முதல் கதைச்சவை. பிறகு அவையே வேண்டாம் எண்டிட்டினம். ஏனெண்டால் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் முரசை மேல ஏத்தினால் சிரிக்கேக்க ஒரு பக்கம் நீட்டுப் பல்லாத் தெரியுமாம். சரியா வரவேணுமெண்டால் பக்கத்துப் பல்லுகளின்ர எலும்பையும் எடுக்கவேணும். நல்ல பல்லுகளை ஏன் பழுதாக்குவான்?

அதுக்குப் பதிலா கம்பி போட்டு, உடைஞ்ச வேரைக் கொஞ்சங் கொஞ்சமாக் கீழ இழுத்தவை. மாசக்கணக்கா எடுத்தது. இடையில முரசு நாரைச் சின்னதா வெட்டி விட்டவை, வேரோட சேர்ந்து முரசும் எலும்பும் இறங்கி வராமல் இருக்க. பிறகு அசையாமல் கட்டி வைச்சுத்தான் கிரவுண். தம்பி, உங்கட அம்மாவுக்கும் இந்த வழி சரிவருமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

ஈறுவைத்தியர் | சனி இரவு

சுதாவுக்குச் செய்தவர்கள் நல்ல முடிவு எடுத்திருக்கிறார்கள். முன்பல்லுக்கு அது அழகான வழி. ஒற்றை வேர், நேராக இழுக்கலாம். இரண்டு வேர் விரிந்து நிற்கிற கீழ்க் கடைவாய்ப் பல்லை இழுத்தால் கவட்டையும் கூடவே மேலே வரும், நாம் எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும். அதனால் அம்மாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, டீப் மார்ஜின் எலிவேஷன் என்பார்கள். ஆழத்தில் இருக்கிற விளிம்பின் மேல் காம்போசிட் என்கிற பல் நிற அடைப்பை வைத்து அதை மேலே கொண்டுவந்து, அதன்மேல் கேப்போ, பல்லின் மேல்பகுதியை மட்டும் மூடுகிற ஆன்லேயோ உட்கார வைப்பது. 1998-லேயே எழுதப்பட்ட உத்தி, இப்போது பரவலாகிறது. கத்தி இல்லை. ஆனால் ரத்தமோ எச்சிலோ ஒரு சொட்டு படாமல் ரப்பர் ஷீட் கட்டி அந்த இடத்தைக் காயவைக்க முடிந்தால் மட்டும்தான். விளிம்பு எலும்பை ஒட்டி இருந்தால் அதற்கும் வழியில்லை.

கேள்விக்குறி | ஞாயிறு காலை

எல்லாம் சரி. இம்ப்ளாண்ட்டுக்கு என்ன குறை? ஒரேயடியாக முடிந்துவிடும். டைட்டானியம், சொத்தையே வராது.

ஈறுவைத்தியர் | ஞாயிறு காலை

சொத்தை வராது, உண்மை. அதைச் சுற்றியிருக்கிற ஈறும் எலும்பும் கெடலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்கள் இவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். கெட்டுப்போன பிறகு வைத்தியம் செய்வது பல்லைவிடக் கஷ்டம். "ஒரேயடியாக" என்பதும் சரியில்லை. கீழ்க் கடைவாயில் பிடுங்கி, குழி ஆறி, இம்ப்ளாண்ட் வைத்து, எலும்பு பிடித்து, பிறகு கேப் என்றால் ஆறு மாதமாவது ஆகும். அங்கேயும் ஊசி, கீறல், டிரில், தையல் எல்லாம் உண்டு. ஆபரேஷனுக்குப் பயந்து இம்ப்ளாண்ட் பக்கம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனாலும், அளந்து பார்த்துக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் பிடுங்குவதே நேர்மை. வேர் குட்டை, எலும்பு எடுத்த பிறகு எலும்புக்கு வெளியே நிற்கிற நீளம் உள்ளே இருப்பதைவிடக் கூடிவிடும், கவட்டை திறக்கும், வேரில் விரிசல், இதில் ஒன்று இருந்தாலும் நானே ஃபார்செப்ஸை எடுத்துவிடுவேன். நெல்லைத்தம்பி, உங்களுக்கு இம்ப்ளாண்ட் சொன்னவர் அளந்துவிட்டுச் சொன்னாரா?

நெல்லைத்தம்பி | ஞாயிறு இரவு

இல்லை மேடம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், எஸ்டிமேட் எழுதினார்.

சனிக்கிழமை பெரியோ டாக்டர் ஊசி போட்டு அளந்தார். நீங்கள் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேப்பரில் படமே வரைந்து காட்டினார். உடைந்த விளிம்பு எலும்புக்கு மேலே 3 மி.மீ. ஈறு வீங்கி மேலே ஏறியதால்தான் ரொம்ப ஆழம் மாதிரி தெரிந்ததாம். ஒன்றரை மி.மீ. எடுத்தால் போதும். அம்மாவுக்கு வேர் கொஞ்சம் கீழே போய்த்தான் பிரிகிறது, இப்போதைய எலும்பு விளிம்பிலிருந்து 3 மி.மீ. கீழே. எடுத்த பிறகு கேப் விளிம்புக்கும் கவட்டைக்கும் 4.5 மி.மீ. இருக்கும் என்றார். எச்பிஏ1சி 7.1.

முதலில் பல்லைச் சுத்தம் செய்து, பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஈறு வீக்கம் வடிந்த பிறகுதான் ஆபரேஷனாம். அம்மா 58 வயதில் பல் விளக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று அப்பா கிண்டல்.

செலவு பற்றி யாராவது சொல்லுங்கள். ஆபரேஷன் தனி, கேப் தனி என்கிறார்கள்.

பல்லாவரம்பாபு | ஞாயிறு இரவு

தனித்தனிதான். உள்ளே போஸ்ட் வைத்துக் கட்டினால் அது மூன்றாவது வரி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். நடுவில் போடுகிற தற்காலிக கேப்புக்கும் காசா என்று கேளுங்கள், எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. மெடிக்ளெய்ம் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். விபத்தில் உடைந்தது தவிரப் பல்லுக்குப் பெரும்பாலான பாலிசியில் கிடையாது.

பணம்தான் தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரியோ பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசுக் கல்லூரியே இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். காத்திருப்புதான் கொடுமை. மற்றபடி வேலையில் குறை சொல்ல முடியாது. என் மச்சானுக்கு அங்கேதான் பார்த்தோம்.

கேப்பட்டறை | திங்கள் காலை

நான் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், கேப் செய்து கொடுப்போம். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது.

ஈறு ஆறாத பல்லின் அச்சு எங்கள் மேசைக்கு வந்தால் பார்த்தவுடனே தெரியும். விளிம்பு வரவேண்டிய இடத்தில் ரத்தம் பட்டு அச்சுப் பொருள் சுருங்கி ஒரு குழி இருக்கும். பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. போன் செய்து சொன்னால், "அட்ஜஸ்ட் பண்ணிப் போடுங்க, பேஷண்ட் ஊருக்குப் போகணுமாம்" என்பார்கள். நாங்களும் ஒரு கோடு குத்துமதிப்பாகப் போடுவோம். அந்தக் கோட்டில்தான் உங்கள் கேப் உட்காரும். மயிரிழை தூரம் தள்ளி உட்கார்ந்தாலும் உணவு போய் அடையும், உள்ளே சொத்தை பிடிக்கும்.

அதனால் தம்பி, ஆபரேஷனுக்குப் பிறகு கேப்புக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

ஈறுவைத்தியர் | திங்கள் இரவு

கேப்பட்டறை அண்ணனுக்கு என் நன்றி. எங்களை மாதிரி ஆட்கள் நூறு தடவை சொன்னாலும் ஏறாதது இப்படிச் சொன்னால் ஏறும்.

கடைவாய்ப் பல்லுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டு இறுதி அச்சு எடுப்பது என் வழக்கம். முன்பல் என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாமல், பெரும்பாலும் ஆறு மாதம். காரணம், ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு ஈறு இருக்கிற மட்டம் அப்படியே நிற்காது. தடித்த ஈறுக்காரர்களுக்கு மெல்ல மேலே திரும்பி வரும். இந்த நகர்வு ஒரு வருடம்வரைகூட நடக்கிறது என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். மெல்லிய ஈறு என்றால் கீழே இறங்கி கேப்பின் ஓரம் வெளியே தெரியும். சிரித்தால் தெரியாத கடைவாயில் அது பிரச்சினை இல்லை, முன்பல்லில் என்றால் எப்படி என்று வாணியைக் கேளுங்கள்.

இந்த இடைவெளியில் பல் சும்மா இருக்காது. உடைந்த பகுதியைக் கட்டி, தற்காலிக கேப் போட்டு வைப்பார்கள். அந்தப் பக்கம் கடித்து மெல்ல வேண்டாம்.

நெல்லைத்தம்பி | அடுத்த மாதம், சனி இரவு

முடிந்தது. காலையில் சாப்பிட வைத்து, மாத்திரையும் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எக்கோஸ்பிரின் நிறுத்தவில்லை, இதய டாக்டரும் வேண்டாம் என்றுவிட்டார்.

அம்மா உள்ளே இருந்தபோது கதவுக்கு வெளியே டிரில் சத்தம் கேட்டு எனக்குத்தான் வேர்த்தது. வெளியே வந்தவள் வாயில் பஞ்சோடு, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று சைகையில் கேட்டாள்.

இப்போது மணி ஒன்பது. மரப்பு விட்டுவிட்டது, மாத்திரை போட்டிருக்கிறாள். எச்சிலில் ரோஸ் கலர் வருகிறது. கொப்பளிக்கலாமா?

ஈறுவைத்தியர் | சனி இரவு

இன்றைக்குக் கொப்பளிக்கவே வேண்டாம், துப்பவும் வேண்டாம், உறிஞ்சுகுழலும் வேண்டாம். ரத்தக்கட்டி கலையும். எச்சிலில் கலர் வருவது நாளை வரை இருக்கலாம். வாய் நிறைய ரத்தமாக ஊறினால் ஈரப் பஞ்சை வைத்து இருபது நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வெளியே கன்னத்தில் ஐஸ், துணியில் சுற்றி, பத்து நிமிடம் வைத்து எடுத்து. நாளைக்கு மேல் ஐஸ் தேவையில்லை.

நாளையிலிருந்து குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 0.2 சதவீதம், காலை இரவு 10 மி.லி. ஒரு நிமிடம் வாயில் வைத்துத் துப்பட்டும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட் போட்டு விளக்கிய கையோடும் வேண்டாம், அரை மணி இடைவெளி விடுங்கள். டீ காபி குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசி மாறும். இரண்டும் நிறுத்தினால் சரியாகும், கறையை நாங்களே தேய்த்து எடுப்போம். மற்ற பற்களுக்கு வழக்கம்போல் பிரஷ், அந்த இடத்தை மட்டும் விடுங்கள்.

சாப்பாடு ஆறியதாக, குழைவாக. தயிர்சாதம், இட்லி, ரவைக் கஞ்சி. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது, அதைக் கவனியுங்கள். வலிக்கு அவர் எழுதிக்கொடுத்தது போதும், கடையில் கேட்டு வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

நெல்லைத்தம்பி | செவ்வாய் மாலை

மேடம், அவசரம். இட்லி சாப்பிடும்போது அந்த ரோஸ் கலர் பசை பாதி பெயர்ந்து தட்டில் விழுந்துவிட்டது. பல்லே விழுந்துவிட்டது என்று அம்மா அலறி, பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து, வீடே களேபரம். உள்ளே கறுப்பு நூல் தெரிகிறது. கன்னம் நேற்றைவிட வீக்கம்.

ஈறுவைத்தியர் | செவ்வாய் மாலை

பசை பெயர்வது சகஜம். நூல் அதனிடத்தில் இருந்தால், வலியோ ரத்தமோ புதிதாக இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. மிச்சம் ஆடிக்கொண்டு நாக்கில் குத்தினால் போய்த் தட்டிவிட்டு வாருங்கள். வீக்கம் மூன்றாம் நாள்வரை ஏறும், அதற்குப் பிறகு இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால், சீழ் நாற்றம் அடித்தால் சனிக்கிழமை வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

பல்லாவரம்பாபு | செவ்வாய் இரவு

எனக்கு அது சட்னியில் விழுந்தது. தேடவே இல்லை.

நெல்லைத்தம்பி | மறுவாரம், திங்கள்

தையல் பிரித்தாயிற்று. பிரிக்கும்போது சுருக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வீக்கம் போன வியாழனே வடிந்துவிட்டது. இப்போது உடைந்த விளிம்பு வெளியே பளிச்சென்று தெரிகிறது. அம்மாவின் ஒரே புகார், பக்கத்துப் பல் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுகிறது. அதைத் தொடவே இல்லையே?

ஈறுவைத்தியர் | திங்கள் இரவு

தொட்டிருப்பார்கள். ஒரு பல்லைச் சுற்றி மட்டும் எலும்பைக் குழியாக எடுத்தால் ஈறு அதில் நிரம்பித் திரும்ப மேலே வரும். அதனால் பக்கத்துப் பல்வரை சரிவாக இறக்குவோம். அங்கே வேர் கொஞ்சம் வெளியே வந்திருக்கும், அந்தப் பல்லுக்கு நரம்பு உயிரோடு இருக்கிறது, கூசுகிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரவில் விரலால் தடவி விடச் சொல்லுங்கள், சில வாரத்தில் குறையும். அந்த இடுக்கு இனி முன்பைவிட அகலமாக இருக்கும். சாப்பாடு போய் உட்காரும். பல்குச்சியைத் தவிர்த்து, இடுக்கு பிரஷ் எந்த சைஸ் என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். கேப் போட்ட பிறகும் வாழ்நாள் முழுக்க அது வேண்டும்.

கேப்பட்டறை | செவ்வாய்

தம்பி, கேப் எதில் என்று கேட்டால்: கடைவாய், தெரியாத இடம். முழு சிர்கோனியா (உலோகம் இல்லாத கெட்டிப் பீங்கான்) நன்றாக உழைக்கும். பட்ஜெட் கம்மி என்றால் உள்ளே உலோகம் வைத்த பீங்கான் போதும். பெயரைவிட விளிம்பு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்பது முக்கியம். ஒட்டுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | செவ்வாய் இரவு

அம்மா நன்றாக இருக்கிறார்கள் என்றால் சந்தோஷம். ஆனாலும் மூன்று பில் மூன்று பில்தான்.

குமரி_ஜெனி | இரண்டு மாதம் கழித்து

பழைய இழைக்கு மன்னிக்கவும். எனக்கு இதே சிகிச்சை சொல்லியிருக்காங்க. கீழ் இடது கடைசிப் பல், பின்பக்கம் சொத்தை ஈறுக்கு அடியில் போயிருக்கு. அதுக்குப் பின்னால ஞானப்பல் பாதி முளைச்சுக் கிடக்கு. எக்ஸ்ரே இணைச்சிருக்கேன். இதுக்கும் எலும்பு எடுக்கணுமா?

ஈறுவைத்தியர் | அன்று இரவு

ஜெனி, எக்ஸ்ரேயில் உங்கள் முழுப் பெயரும் வயதும் தெரிகிறது. எடுத்துவிட்டு மறைத்துப் போடுங்கள். பார்த்தவரைக்கும், உங்கள் டாக்டரிடம் முதலில் ஞானப்பல்லைப் பற்றிக் கேளுங்கள். அது சாய்ந்து முட்டிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பின்பக்கத்தை யாராலும் சுத்தமாக வைக்க முடியாது. அதை எடுத்து ஆறிய பிறகு எலும்பு எங்கே நிற்கிறது என்று மறுபடி அளந்தால், எடுக்க வேண்டிய அளவு குறையலாம், எடுக்கவே வேண்டாம் என்றும் வரலாம். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.